ஏறும்போது வரும் மயக்கம்

மயக்கம் என்பது நோயன்று. ஏதோ ஒரு நோயின் அறிவிப்பு. அந்த அறிவிப்பைப் பிழையின்றிப் படிப்பதற்கு மருத்துவ உலகம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கற்க வேண்டியிருந்தது. பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நின்று சாயும் மாணவனும், மலைச்சரிவில் சுமையோடு ஏறுகையில் விழும் உழவனும் பார்வைக்கு ஒரே விதமாகத்தான் விழுகிறார்கள். முன்னவனுக்கு நிழலும் சற்று நேர ஓய்வும் போதும். பின்னவனுக்கோ இதயத்தின் வாயிற்கதவுகளுள் ஒன்று இறுகிக் கிடக்கலாம். இவ்விருவரையும் பிரித்தறியும் கலை எவ்வாறு வளர்ந்தது, அறிந்தபின் செய்யத்தக்கது என்ன என்பதை மனிதர் எவ்வாறு கண்டனர் என்பவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் இலக்கியங்களில் மூர்ச்சைக்குப் பஞ்சமில்லை. கைகேயி வரம் கேட்டவுடன் தயரதன் அறிவிழந்து வீழ்வதைக் கம்பராமாயணத்தில் படித்திருப்பீர்கள். துயரமும் அச்சமும் பெருகும்போது நரம்புகளின் வழியே ஓர் ஆணை பிறக்கிறது, நாடி தளர்கிறது, குருதிக்குழாய்கள் விரிகின்றன, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, மனிதன் விழுகிறான். இவ்வகை மயக்கத்திற்கு 1932ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சர் தாமஸ் லூயிஸ் தனிப்பெயர் சூட்டினார். விழுமுன் வியர்க்கும்; வயிற்றைப் பிரட்டும்; கண் இருளும். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். விழுவோரில் மிகப் பலர் இவ்வகையினரே. ஆகையால் மயங்குவோர் எல்லாரையும் இதய நோயாளிகள் என்று எண்ணி நீங்கள் அஞ்ச வேண்டுவதில்லை. நான் சொல்லவந்தது எஞ்சிய சிலரைப் பற்றியது.

அச்சிலரைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது கொல்லிமலையில். 1980களின் நடுவில் அம்மலைமேல் ஒரு பள்ளியில் இளம் ஆசிரியனாகப் பணியாற்றினேன். அந்நாளில் அம்மலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997ஆம் ஆண்டில்தான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் வயல்களும் பலாமரங்களும் மிளகுக்கொடிகளும் நிறைந்த மேட்டுநிலம் விரிகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை. அதனைச் சுற்றுலாவாகக் காண்பவர் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மீண்டும் ஏறும்போதுதான் தம் நெஞ்சு படும் பாட்டை உணர்வர். அங்கே வாழ்பவருக்கோ ஏற்றமும் இறக்கமும் அன்றாட வாழ்க்கை.

எங்கள் பள்ளியில் படித்த பையன் ஒருவனின் தந்தை, தம் சிற்றூரிலிருந்து பேருந்துச் சாலை வரைக்கும் வாழைத்தாரும் பலாவும் சுமந்து பிழைப்பவர். வயது நாற்பதைத் தாண்டியிராது. ஓராண்டுக்குள் மூன்று முறை வழியில் விழுந்தார். முதன்முறை பசி என்றார்கள். இரண்டாம் முறை வலிப்பு என்று கையில் இரும்புத் துண்டைக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை காற்றுக் கருப்பு என்றார்கள், கயிறு கட்டினார்கள். கொல்லிப்பாவை என்னும் மோகினிச் சிலை கண்டாரைக் கொல்லும் என்பது சங்க காலம் முதல் வழங்கிவரும் செய்தியாதலால், அவ்வூர்க் கிழவர்கள் சிலர் பழியை அப்பாவையின் மேலும் போட்டார்கள். மலையிலுள்ள நாட்டு வைத்தியர் மட்டும் நாடியைப் பிடித்துப் பார்த்து, இது தம் மூலிகைக்கு அடங்குவதன்று, கீழே கொண்டுபோங்கள் என்று சொல்லியனுப்பினார். அம்முதியவரின் நேர்மையை இன்றும் வியக்கிறேன்.

பையன் என்னையும் உடன் வருமாறு வேண்டினான், சென்றேன். சமவெளி நகரில் நாங்கள் கண்ட மருத்துவர் அதிகம் பேசாதவர். எந்தக் கருவியையும் எடுக்குமுன் ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: “ஏறும்போது விழுந்தீர்களா, இறங்கும்போது விழுந்தீர்களா?” மூன்று முறையும் ஏறும்போதுதான் என்றார் அவர். “விழப்போவது முன்னமே தெரிந்ததா?” “இல்லீங்க, விளக்கை அணைச்ச மாதிரி.” மருத்துவர் மணிக்கட்டில் நாடியைப் பார்த்தார், பிறகு கழுத்து நாடியை வெகுநேரம் விரல்களால் உணர்ந்தார், ஸ்டெதாஸ்கோப்பை மார்பின் வலப்புறம் மேலே வைத்தார், அங்கிருந்து கழுத்துவரை கொண்டுபோனார். பின்பு என் காதிலும் அக்குழாயைப் பொருத்தினார். மரம் அறுக்கும் வாளின் ஒலிபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கரகரப்பு. “இவருடைய இதயத்திலிருந்து வெளியேறும் வாசல் குறுகிவிட்டது” என்றார் அவர்.

அந்த வாசலைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. அவை ஒருவழிக் கதவுகள். இரத்தத்தை முன்னோக்கி விட்டு, பின்னோக்கித் திரும்பாமல் தடுப்பவை. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையே இருப்பது மிட்ரல் வால்வு. இடது கீழறையிலிருந்து உடல் முழுமைக்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் வாயிலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. பின்னதற்கு மெல்லிய மூன்று இதழ்கள். அது நன்கு திறக்கும்போது வழியின் பரப்பு மூன்று முதல் நான்கு சதுர சென்டிமீட்டர் இருக்கும். நோயினால் இதழ்கள் தடித்து, ஒட்டி, சுண்ணாம்பு படிந்து இறுகும்போது அப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது.

ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு பாதிக்குமேல் மூடிக்கொண்டால் கீழே உள்ள வயலுக்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் நீர் போகாது. ஏரியில் எவ்வளவு நிறைந்திருந்தாலும் பயனில்லை. நோயாளி அமர்ந்திருக்கும்போது அந்தக் குறைந்த நீரே போதுமானதாக இருக்கிறது. மேடு ஏறும்போது கால் தசைகள் தம் குருதிக்குழாய்களை அகலத் திறந்து பங்கு கேட்கின்றன. நலமான இதயம் பல மடங்கு இரத்தத்தை வெளியேற்றி ஈடுகொடுக்கும். வாசல் குறுகிய இதயத்தால் இயலாது. கடைமடைக்கு நீர் எட்டாததுபோல், உயரத்தில் உள்ள மூளை இரத்தமின்றி வாடுகிறது. அதோடு, அடைபட்ட கீழறையில் அழுத்தம் மிகும்போது நரம்புகள் தவறான ஆணையைப் பிறப்பித்துக் குழாய்களை மேலும் தளர்த்திவிடுவதும் உண்டு. துடிப்பின் ஒழுங்கு கெடுவதும் உண்டு. அம்மருத்துவர் ஏற்றத்தைப் பற்றிக் கேட்டதன் காரணம் இதுதான். முயற்சியின் நடுவே, முன்னறிவிப்பின்றி வரும் மயக்கம் எதுவாயினும் இதயத்தை நோக்கிப் பார்க்கச் சொல்லும் மயக்கமாகும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி குருதிச் சுழற்சியை நிறுவியபோது, வால்வுகள் ஒருவழிக் கதவுகள் என்பதே அவருடைய வலிமையான சான்றுகளுள் ஒன்று. அதே நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் லசார் ரிவியேர், இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்து, அயோர்ட்டிக் வால்வு இறுகி அடைபட்டிருப்பதை விவரித்தார். ஆனால் உயிரோடிருப்பவரிடத்தில் அதை அறிவது எப்படி? அதற்கு ரெனே லயனெக் என்ற பிரெஞ்சுக்காரர் பிறக்க வேண்டியிருந்தது. 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், ஓர் இளம் பெண் நோயாளியின் மார்பில் காது வைத்துக் கேட்க நாணிய அவர், தாள்களைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். நேரே காது வைத்துக் கேட்பதைக் காட்டிலும் ஒலி தெளிவாக இருந்தது. நாணம் ஒரு கருவியை ஈன்றது! லயனெக் 1819ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்டார். 1826ஆம் ஆண்டில், நாற்பத்தைந்து வயதில் மறைந்தார்.

குழல் வந்த பிறகும் நெடுங்காலம் மருத்துவர்களால் நோயைச் சொல்ல முடிந்ததே தவிர, தீர்க்க முடியவில்லை. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராஸ், பிரான்வால்ட் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் மருத்துவ மாணவர்களால் படிக்கப்படுகிறது. அயோர்ட்டிக் வால்வு குறுகியவர் பல ஆண்டுகள் யாதொரு குறையுமின்றி வாழ்வர். ஆனால் அறிகுறி தோன்றிவிட்டால் காலம் விரைந்து ஓடும். அறுவை செய்யப்படாவிடின், மார்வலி தோன்றியபின் சராசரியாக ஐந்து ஆண்டு, மயக்கம் தோன்றியபின் மூன்று ஆண்டு, இதயம் தளர்ந்து மூச்சுத் திணறத் தொடங்கியபின் இரண்டு ஆண்டு என்று அவர்கள் கணக்கிட்டனர். சராசரி என்பதை மறவாதீர்கள். எங்கள் மலைச் சுமையாளுக்கு அம்மூன்று ஆண்டுகள்கூடக் கிடைக்கவில்லை. வால்வை மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் வால்வை விலைக்கு வாங்க வேண்டும் என்று அம்மருத்துவர் சொன்ன தொகை, ஆசிரியனாகிய என் ஆண்டு வருவாயையும் அவருடைய ஆண்டு வருவாயையும் சேர்த்தாலும் எட்டாத தொகை. ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு காலைப்பொழுதில், வரப்பின்மேல் அவர் கிடந்தார்.

அறுவை மருத்துவத்தின் கதைக்கு வருவோம். இதயத்தைத் தொடுவதே தகாது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியிருந்தது. 1925ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி சவுட்டர் என்பவர், மிட்ரல் வால்வு குறுகிய ஓர் இளம்பெண்ணின் இதய மேலறையில் சிறு துளையிட்டு, தம் விரலை உள்ளே செலுத்தி, வால்வைத் தடவிப் பார்த்துத் திறந்துவிட்டார். அப்பெண் பிழைத்தாள். ஆயினும் அவரிடம் இரண்டாம் நோயாளியை ஒரு மருத்துவரும் அனுப்பவில்லை. ஒரு வெற்றிக்குப் பின் இருபத்து மூன்று ஆண்டு மௌனம்! 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லியும், சில நாள் இடைவெளியில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும் அவ்வறுவையை மீண்டும் வெற்றிகரமாகச் செய்தனர். பெய்லியின் முந்தைய நோயாளிகள் பலர் மாண்டிருந்தனர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

அந்த அலை நம் தமிழகத்துக்கு வரத் தாமதமாகவில்லை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1940களின் இறுதியில் வந்து, மார்பறை அறுவைக்கென்று தனித்துறை ஒன்றை அமைத்தார். நாட்டில் அத்தகைய துறை அதுவே முதலாவது. இதயநோய்த் துறையை உருவாக்கியவர் கமலா வைத்திலிங்கம் என்னும் பெண்மணி. நாகரூர் கோபிநாத் 1960களின் தொடக்கத்தில் அங்கே செயற்கை இதய நுரையீரல் பொறியின் துணையோடு திறந்த இதய அறுவையைச் செய்த முன்னோடி. ஆனால் வேலூரின் புகழுக்குப் பெரிதும் காரணமானது பொறி வேண்டாத எளிய மிட்ரல் அறுவைதான். நோயாளியின் மார்பைப் பக்கவாட்டில் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலறைக் காதுபோன்ற பகுதியில் சுருக்குத் தையல் இட்டு, அதன் வழியே விரலை உள்ளே விடுவார்கள். கண் பார்க்க இயலாத இடத்தில் விரல் நுனியே கண். ஒட்டிய இதழ்களை விரலாலும், விரியும் சிறு கருவியாலும் பிரித்துவிட்டு, விரலை எடுத்துச் சுருக்கை இறுக்குவார்கள். செலவு குறைவு, நேரமும் குறைவு. ஸ்டான்லி ஜானும் அவர்தம் குழுவினரும் இவ்வாறு அறுவை செய்யப்பட்ட 3,724 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து 1983ஆம் ஆண்டில் அமெரிக்க இதயநோய் இதழொன்றில் வெளியிட்டபோது, உலகம் அதனை வியந்து நோக்கியது. ஏழை நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து அவ்வளவு பெரிய கணக்கு வரும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

இத்தனை நோயாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? இங்கேதான் மாணவர்களாகிய நீங்கள் செவிசாய்க்க வேண்டும். இவர்களுள் மிகப் பலரின் நோய் தொண்டையில் தொடங்கியது. ஸ்டெரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் சிறார்களின் தொண்டையைப் புண்ணாக்குகிறது. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் படை, சிலரிடத்தில் பகைவனையும் சொந்த வீட்டாரையும் வேறுபடுத்தி அறியாமல் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. இதனை வாதக்காய்ச்சல் என்பர். மூட்டு வீக்கம் தானே வடிந்துவிடும். வால்வில் பட்ட வடு வடியாது. மேலைநாடுகளில் காய்ச்சலுக்கும் வால்வு குறுகுவதற்கும் இடையே இருபது ஆண்டுகளாவது செல்லும் என்று பாடநூல்கள் கூறின. சுஜாய் ராய், இராமலிங்கசுவாமி முதலியோர் 1963ஆம் ஆண்டில் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை அதை மறுத்தது. இந்தியாவில் இருபது வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியரிடத்திலேயே மிட்ரல் வால்வு கடுமையாகக் குறுகிவிடுகிறது என்று அவர்கள் காட்டினர். நெருக்கமான வீடுகளும் மீண்டும் மீண்டும் வரும் தொண்டைப் புண்ணும் நோயை விரைவுபடுத்துகின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தவறாது போட்டுக்கொண்டால் இரண்டாம் தாக்குதலைத் தடுக்கலாம். எத்தனை எளிய மருந்து! மலையூர்களில் அந்த மூன்று வாரக் கெடுவைத் தவறாமல் காப்பதுதான் கடினம். அறுவடைக் காலம் வந்தால் ஊசி மறந்துபோகும்.

மிட்ரல் வால்வை விரலால் திறக்கலாம். சுண்ணாம்பு படிந்த அயோர்ட்டிக் வால்வை அவ்வாறு திறக்க இயலாது. அதை அகற்றி வேறொன்றை வைக்கத்தான் வேண்டும். 1952ஆம் ஆண்டில் சார்லஸ் ஹஃப்னகல் என்ற அமெரிக்கர், குழாயினுள் உருண்டு அடைக்கும் பந்து கொண்ட ஒரு வால்வைப் பெருந்தமனியின் இறங்கு பகுதியில் பொருத்தினார். அது கசிவை மட்டும் ஒருவாறு குறைத்தது. நோயாளி அருகில் வந்தால் அப்பந்து அடிக்கும் ஓசை மற்றவர் காதுக்கும் கேட்குமாம். 1958ஆம் ஆண்டில் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர், ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் அறுவை மருத்துவரைத் தேடி வந்தார். எட்வர்ட்ஸ் அறுபது வயதைத் தொட்டுப் பணி ஓய்வு பெற்றவர். விமானங்களுக்கு எரிபொருள் ஏற்றும் கருவி செய்து பொருள் ஈட்டியவர். செயற்கை இதயமே செய்துவிடலாம் என்ற ஆவலோடு வந்தார். முதலில் ஒரு வால்வைச் செய்வோம் என்றார் ஸ்டார். 1960ஆம் ஆண்டில் அவர்கள் செய்த பந்து வால்வு மிட்ரல் வாயிலில் பொருத்தப்பட்டு வெற்றி கண்டது. அதே ஆண்டில் ஹார்க்கன் அயோர்ட்டிக் வாயிலில் அத்தகைய வால்வைப் பொருத்தியிருந்தார். ஓய்வு பெற்றபின் என்ன செய்வது என்று கவலைப்படும் என்னைப் போன்றோருக்கு எட்வர்ட்ஸ் மீது ஒரு தனிப்பற்று உண்டாவது இயல்பே.

ஆனால் பந்து வால்வும் அதன் பின்வந்த தகடு வால்வுகளும் கடல் கடந்து வரவேண்டியிருந்தன. அவற்றின் விலை கொல்லிமலைக்கு எட்டாது என்பதை முன்னரே சொன்னேன். இவ்விடத்தில்தான் திருவனந்தபுரம் நம் கதைக்குள் வருகிறது. மா. சங்கரன் வலியத்தான் 1934ஆம் ஆண்டில் மாவேலிக்கரையில் பிறந்தவர். அமெரிக்காவில் அந்த ஹஃப்னகலிடமே பயின்றவர். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் தலைமையேற்ற அவர், இந்தியாவிலேயே வால்வு செய்வது என்று உறுதி பூண்டார். திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குரிய சாட்டல்மண்ட் மாளிகையில் பொறியாளர்களும் வேதியியலாரும் மருத்துவர்களும் ஒரே கூரையின்கீழ் கூடினர். மருத்துவமனைக்குள் ஒரு தொழிற்கூடமா என்று நகைத்தவர்களும் உண்டு.

ஒரு வால்வு எத்தகைய வேலையைச் செய்யவேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு. ஒரு நாளைக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம் முறை அது திறந்து மூடவேண்டும். தேயக்கூடாது, முறியக்கூடாது, இரத்தத்தை உறையச் செய்யக்கூடாது. முதல் மாதிரி தோற்றது. டைட்டானியம் சட்டத்தில் செயற்கை நீலக்கல் படிகத் தகட்டைப் பொருத்திய மாதிரியில் சட்டம் தேய்ந்தது. கோபால்ட் கலந்த கடின உலோகச் சட்டத்தில் அதே படிகத் தகட்டை வைத்தபோது, சோதனைக்காகப் பொருத்தப்பட்ட ஆட்டின் உடலுக்குள் தகடு உடைந்தது. மூன்று தோல்விகள், பல ஆண்டு உழைப்பு வீண். நான்காம் மாதிரியில் அவர்கள் படிகத்தை விட்டுவிட்டு, மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்ற நெகிழித் தகட்டுக்கு வந்தனர். கடினமானதைவிட, அடியைத் தாங்கி ஒலியின்றி மூடும் மென்மையானதே நிலைத்தது. சாய்ந்து திறக்கும் அந்தத் தகடு வால்வு 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. தமிழகத்தின் டி.டி.கே. நிறுவனம் அதன் உற்பத்தியை ஏற்றது. இறக்குமதி வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே அது கிடைத்தது. இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மறைந்தார். அவருக்குப் பொன்னாடைகள் பல கிடைத்தன. ஆனாலும் ஆட்டின் உடலில் உடைந்த அந்தத் தகட்டைப் பற்றி எழுத அவர் தயங்கவில்லை என்பதே அவரிடத்தில் என் மதிப்புக்குக் காரணம்.

நோயை அறியும் முறையும் இதற்கிடையே மாறிவிட்டது. 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலார் ஹெல்முத் ஹெர்ட்ஸும், கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசலைக் காணப் பயன்பட்ட மீயொலிக் கருவியை இரவல் வாங்கிச் சோதித்தனர். பின்னர் வேறொரு கருவியைப் பெற்று இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். எக்கோ என்று இன்று ஊர்தோறும் வழங்கும் சோதனையின் பிறப்பு இது. 1970களின் இறுதியில் நார்வே நாட்டு லிவ் ஹாட்லே என்னும் பெண் மருத்துவர், வால்வின் வழியே பாயும் இரத்தத்தின் வேகத்தை அளந்து அடைப்பின் கடுமையைக் கணிக்கும் முறையை வளர்த்தார். உங்கள் இயற்பியல் பாடத்திலுள்ள பெர்னௌலியின் விதிதான் அது. வேகத்தை வேகத்தால் பெருக்கி, நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாடு கிடைக்கும். வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். அவ்வேகத்தை எட்டிவிட்டால் அடைப்பு கடுமையானது என்பர். முன்பு கையிலோ தொடையிலோ குழாய் நுழைத்து அளந்ததை இப்போது வெளியிலிருந்தே அளக்கிறார்கள். எனினும் அறிகுறியைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர் தவறிழைப்பர். படுத்திருக்கும் நோயாளியின் இதயத்தைத்தான் எக்கோ காட்டுகிறது. அவர் எந்த மேட்டில் விழுந்தார் என்பதை அது காட்டாது.

இறுகிய வால்வைத் தளர்த்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. மயக்கம் தோன்றிவிட்ட நோயாளியைக் கடினமான ஏற்றத்தினின்றும் ஓட்டத்தினின்றும் விலக்கி வைத்து, வால்வு மாற்றத்துக்கு அனுப்புவதே முறை. வயது முதிர்ந்து மார்பைத் திறக்கத் தாங்காதவருக்கு வேறு வழி பிறந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே, சுருக்கி மடித்த வால்வைக் குழாய் வழியே செலுத்தி இதயத்தினுள்ளேயே விரித்துப் பொருத்தினார். அவ்வகை வால்வும் இப்போது நம் நாட்டில், குஜராத்தின் வாபி நகரில் செய்யப்படுகிறது. விலைதான் இன்னும் உயரம்.

உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் அதோடு மருத்துவமனையை மறந்துவிட முடியாது. அதன்மேல் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டும். இதன் பிறப்பும் சுவையானது. 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில், கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மாண்டன. ஓர் உழவர் கொட்டும் பனியில் செத்த மாட்டையும் உறையாத இரத்தம் நிறைந்த பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேதியியலார் கார்ல் லிங்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அப்புல்லிலிருந்த பொருளைப் பின்னர் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் முதலில் 1948ஆம் ஆண்டில் எலி மருந்தாகவும், 1954ஆம் ஆண்டில் மனித மருந்தாகவும் வந்தது. அளவு குறைந்தால் வால்வு அடைபடும். மிகுந்தால் குருதி கொட்டும். கீரையிலுள்ள ஓர் உயிர்ச்சத்து இம்மருந்தை எதிர்ப்பதால், கீரையை ஒரேயடியாக விடவும் கூடாது, திடீரென மிகுதியாக உண்ணவும் கூடாது. மூலிகை மலிந்த மலையில் யார் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்டே குடிக்கவேண்டும்.

1980களுக்கும் இன்றைக்கும் மலையில் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். தமிழகத்தில் 108 ஊர்தி 2008ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. வறியோர்க்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் 2009ஆம் ஆண்டில் பிறந்து, பின் பெயரும் வடிவும் மாறித் தொடர்கிறது. இதய வால்வு அறுவையும் அதில் அடக்கம். 2013ஆம் ஆண்டு முதல் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கே வந்து சிறார்களின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்க்கின்றன. வாதக்காய்ச்சலால் வரும் இதயநோய் அவர்கள் தேடும் நோய்களுள் ஒன்று. நாமக்கல்லுக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியே 2022ஆம் ஆண்டு வந்துவிட்டது. அந்தச் சுமையாள் இன்று விழுந்திருந்தால், வால்வின் விலை அவருடைய முடிவைத் தீர்மானித்திராது.

எஞ்சியிருப்பது சாலை. வால்வு பொருத்திக்கொண்ட ஒருவர் இரத்தத்தின் உறையும் தன்மையைச் சோதிக்க ஏறக்குறைய மாதம் ஒருமுறை வரவேண்டும். மேட்டுநிலத்துச் சிற்றூரிலிருந்து செம்மேட்டுக்கு நடை. அங்கிருந்து 70 வளைவுகள் இறக்கம். சோதனை முடிந்ததும் அதே 70 வளைவுகள் ஏற்றம். ஒருநாள் கூலி போய்விடுகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் அளவைச் சொல்லும் கையடக்கக் கருவி உலகில் உண்டு. மலைமேலுள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அப்படி ஒன்று இருந்தால், அவர் இறங்க வேண்டிய தேவையே இராது.